கால்விரல் சிவந்து வீங்கி அரிக்குதா? மலைநாட்டுக் குளிர் வீட்டுல எத மொதல்ல பாக்குறதுன்னு

டிசம்பர் பிறந்துட்டா கந்தப்பளை, ராகலை, அக்கரப்பத்தனை பக்கமெல்லாம் ஒரே பேச்சுதான். கால் விரல் சிவந்து போச்சு, ராத்திரி தூங்க முடியல, என்ன பூசுறதுன்னு கேப்பாங்க. நான் வீடு திருத்துற வேல பாக்குறவன், தகரம் மாத்தணும் தரை போடணும்னு கூப்பிடுவாங்க, போனா கூரையக் காட்டுறதுக்கு முன்ன புள்ளையோட காலத்தான் காட்டுறாங்க. ரெண்டும் ஒரே பிரச்சினைதான், அதனால ரெண்டையும் சேத்தே எழுதுறேன்.

இலங்கைன்னா சூடான நாடு, இங்க எங்க குளிருன்னு கொழும்புல இருக்குற நம்ம சொந்தக்காரங்களே கேப்பாங்க. நுவரெலியா டவுன் 1868 மீட்டர் உயரத்துல இருக்கு, வருஷ சராசரியே 16 டிகிரி பக்கம்தான், ஜனவரி பெப்ரவரியில வானம் தெளிஞ்ச ராத்திரின்னா புல்லு மேல பனி வெள்ளையா உறைஞ்சு தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகிப் போகும். குளிர் காலத்துல வீட்டுக்குள்ள 18 டிகிரியாவது இருக்கணும்னு உலக சுகாதார அமைப்பு 2018ல சொன்னது குளிர் நாடுகளுக்குத்தான், ஆனா அந்தக் கணக்க நம்ம தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு) காம்பராவுல வச்சுப் பாத்தா வருஷத்துல பாதி ராத்திரி தேறாது. டொக்டர்மார் சில்பிளெய்ன்னு சொல்ற இந்தக் குளிர் வீக்கம் வர பனி உறையணும்னே இல்ல, 15 டிகிரிக்குக் கீழ ஈரமும் சேந்தா போதும்.

எல்லாத்துக்கும் ஒரு வரிசை இருக்கு: மொதல்ல காயணும், பிறகுதான் சூடு. ஈரத்த விட்டுட்டு நெருப்ப மட்டும் கூட்டுற வீட்டுலதான் புள்ளைங்க கால் மோசமா இருக்குறத நான் பாக்குறேன்.

கால் விரல் சிவந்து, ஊதா நிறமாகி, போர்வைக்குள்ள போனதும் தீயா அரிக்குது

இதுதான் அதிகமா வர்றது. குளிர்ல நின்னு சில மணி நேரம் கழிச்சோ மறுநாளோதான் தெரியும், அதனால நிறைய பேர் காரணத்த வேற எங்கயோ தேடுறாங்க, நேத்து சாப்பிட்ட கருவாடுன்னு சொல்லுவாங்க, பூச்சி கடிச்சதுன்னு சொல்லுவாங்க.

மொதல்ல இது அதுதானான்னு பாருங்க. விரலுக்கு இடையில தோல் வெள்ளையா ஊறி, உரிஞ்சு, நாத்தம் வருதுன்னா அது சேத்துப்புண், அதுக்கு மருந்து வேற. நடுவுல ஒரு புள்ளி, சுத்தி மட்டும் வீக்கம், ரத்தம் கசிஞ்ச அடையாளம்னா அட்டை கடி. கை விரல் இடுக்குலயும் மணிக்கட்டுலயும் சின்னச் சின்னப் பரு, வீட்டுல எல்லாருக்கும் ராத்திரியில அரிப்புன்னா சொறி, அத வீட்டோட சேத்து வைத்தியம் பண்ணணும். விரல் நுனியில, பக்கவாட்டுல, குதிகால்ல, சில பேருக்குக் காது மடல்லயும் மூக்கு நுனியிலயும் சிவப்பு இல்லனா ஊதாத் திட்டு, வீக்கம், எரிச்சல், சூடு பட்டதும் அரிப்பு கூடுதுன்னா அது குளிர் வீக்கம்.

அடுப்புல இருந்து ஆரம்பிங்க. மலையில இருந்து நனைஞ்சு வந்த காலத் துடைக்காம அப்பிடியே அடுப்புக்கு நேரா நீட்டுறது நம்ம ஊர் பழக்கம், அம்மாயி காலத்துல இருந்து வர்றது, சொகமாத்தான் இருக்கும். ஆனா குளிர்ல சுருங்கிக் கிடக்குற சின்ன ரத்தக் குழாய் திடீர்னு சூடு பட்டா அந்த ரத்த ஓட்டத்தத் தாங்காது, கசிஞ்சுதான் வீங்குது. சுடுதண்ணிக்குள்ள கால வைக்கிறதும் அதேதான். செய்ய வேண்டியது இதுதான்: வாசல்லயே ஈரச் சொக்ஸ கழட்டுங்க, பழைய துணியால விரல் இடுக்கு உட்பட ஒத்தி எடுங்க, தேய்க்க வேணாம், காஞ்ச சொக்ஸ் போட்டு அடுப்ப விட்டுத் தள்ளி ஒரு கால் மணி அரை மணி போர்வைக்குள்ள உக்காருங்க. அதுக்குப் பிறகு நெருப்புக்கிட்ட வரலாம், அப்பவும் கால நேரா நீட்டாம.

அடுத்தது செருப்பும் சப்பாத்தும். குளிருதுன்னு ரெண்டு மூணு சொக்ஸ் போட்டு இறுக்கமான சப்பாத்துக்குள்ள கால நுழைச்சா ரத்தம் ஓடாது, குளிர் கூடத்தான் செய்யும். விரல ஆட்டிப் பாருங்க, ஆடலன்னா ஒரு சொக்ஸ குறைங்க. கம்பூட்ஸ் போடுறவங்களுக்கு மழை உள்ள வரலனாலும் வேர்வையே நனைச்சிரும், அதனால மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல மாத்த இன்னொரு சோடி சொக்ஸ பிளாஸ்டிக் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. கம்பளி நூல் சொக்ஸ் நனைஞ்சாலும் பருத்தி அளவுக்குச் சூட்ட வெளிய விடாது. நுவரெலியா டவுன்ல ஜக்கெட் விக்கிற கடை வரிசையில தேடுனா கம்பளி கலந்தது கிடைக்கும், வாங்குறதுன்னா அத வாங்குங்க.

பள்ளிக்கூடப் புள்ளைங்க விஷயத்துல கொஞ்சம் கவனமா இருங்க. வெள்ளை கென்வஸ் சப்பாத்து ரோட்டு ஈரத்துல காலையிலயே நனைஞ்சிரும், அப்புறம் ஒன்றரை மணி வரைக்கும் அதோடதான் வகுப்புல உக்காந்திருக்கும். டீச்சர்கிட்டச் சொல்லி மழை நாள்ல பாட்டா செருப்பு போட்டு வந்து வகுப்புல காஞ்ச சொக்ஸ் மாத்த விடச் சொல்லுங்க, காலக் காட்டிச் சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் சப்பாத்துக்குள்ள பழைய பத்திரிகையக் கசக்கி அடைச்சு வைங்க, ராத்திரி ஒரு தடவ மாத்துங்க, காலையில பெரும்பாலும் காஞ்சிரும். அடுப்பு மேட்டுல வச்சுக் காயவச்சா பசை விட்டுப் போகும், அது வழியா இன்னும் தண்ணி வரும்.

இதுவரைக்கும் காசு செலவு அதிகம் இல்ல. இதெல்லாம் சரியா இருந்தும் வருதுன்னா சிகரெட், பீடி குடிக்கிறாங்களான்னு பாருங்க, அது ரத்தக் குழாயச் சுருக்கும். பிரஷருக்கோ ஒத்தத் தலைவலிக்கோ புரோப்பிரனோலோல், அட்டினோலோல் மாதிரி மாத்திரை எடுக்குறவங்களுக்குக் கை கால் அதிகமா ஜில்லிடும், அத நீங்களா நிப்பாட்டிராதீங்க, கிளினிக்குல சொல்லுங்க. மெலிஞ்ச உடம்புக்காரங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் இது கூட வருது.

பூசுறது பத்தி. தோல் வெடிக்காம இருந்தா வாஸ்லினோ தேங்காண்ணெயோ மெல்லிசா பூசலாம், காய்ச்சல் தடிமனுக்குப் பூசுற காரமான பாம் வேணாம், மண்ணெண்ணெய் கண்டிப்பா வேணாம். சொறிய விடாதீங்க, நகத்த வெட்டி விடுங்க. மறுபடி குளிர் படலன்னா ரெண்டு மூணு கிழமையில (வாரத்துல) தானா வத்திரும். நிபெடிபின்னு ஒரு பிரஷர் மாத்திரைய டொக்டர் சில பேருக்கு இதுக்குக் குடுப்பாங்க, ஆனா அது பிரஷரக் குறைக்கிற மாத்திரை, வீட்டுல பெரியவங்களுக்கு வாங்குனத எடுத்து நீங்க போட்டுறாதீங்க.

கை விரல்ல வருது, சில நேரம் விரல் வெள்ளையா செத்த மாதிரி ஆகுது

பீலித் தண்ணியில உடுப்பு துவைக்கிறவங்க, லீக்ஸ் கரட் கழுவுற வேலைக்குப் போறவங்க, காலையில மொத நேரம் பனி ஈரத்தோட கொழுந்து எடுக்குறவங்க, இவங்களுக்குத்தான் கையில வருது. கழுவுற வேலைக்கு ரப்பர் கையுறைக்குள்ள மெல்லிய நூல் கையுறை போட்டா நல்ல வித்தியாசம் தெரியும். கொழுந்து எடுக்கும்போது விரல் மூட முடியாது, அது எனக்கும் தெரியும், விரல் நுனிய வெட்டுன கம்பளிக் கையுறை போட்டு மணிக்கட்ட மூடி வைக்கலாம், மணிக்கட்டு சூடா இருந்தா விரலுக்கும் கொஞ்சம் உதவும். உடம்பு நடுப்பகுதி குளிர்ந்தாலும் கைக்கு ரத்தம் குறையும், அதனால நெஞ்சுக்கு ஒரு சுவெட்டர் கூடப் போடுறது கைக்குச் செய்யிற வைத்தியம்தான்.

விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்து, மரத்துப்போய்த் திரும்புதுன்னா அது வேற வகை, ஒரு தடவயாவது டொக்டர்கிட்டக் காட்டுங்க. அதுகூட மூட்டு வலி, வாய்ப்புண், மூஞ்சியில வெயில் பட்டா சிவக்குறது, முடி கொட்டுறதுன்னு ஏதாவது இருந்தா தள்ளிப்போடாதீங்க, ரத்தம் சோதிச்சுப் பாக்க வேண்டிய நோய் இருக்கலாம்.

கொப்புளம் உடைஞ்சு தண்ணி வடியுது, இல்லனா நிறம் கறுக்குது

இதுக்கு வீட்டு வைத்தியம் இல்ல. சுத்தமான தண்ணியில கழுவி, சுத்தமான துணி சுத்திட்டு டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போங்க. சீழ், சிவப்பு கால் மேல ஏறுறது, காய்ச்சல், நெறி கட்டுறது இருந்தா அன்னைக்கே போகணும். சீனி வருத்தம் (நீரிழிவு) இருக்குறவங்க கொப்புளம் வர்ற வரைக்கும் காத்திருக்கவே கூடாது, காலுல சிவப்புத் திட்டு பாத்ததும் காட்டுங்க, அவங்களுக்கு வலி தெரியாமலே புண் ஆழமாப் போகும். விரல் கறுத்து, ஜில்லுனு ஆகி, தொட்டா உணர்ச்சி இல்லன்னா 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசு இல்லாம வரும்.

மூணு கிழமை தாண்டியும் ஆறல, இல்லனா வெயில் காலத்துலயும் வருதுன்னா, அதுவும் டொக்டர்தான்.

ஒவ்வொரு வருஷமும் அதே மாசம், அதே வீட்டுல எல்லாருக்கும் வருது

அப்ப வீட்டப் பாக்கணும். எந்த மாசம்னு கவனிங்க. அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் தென்மேல் பருவமழை அடிக்கிற ஜூன் ஜூலையில வந்தா ஈரந்தான் பெரிய காரணம். நுவரெலியா, கந்தப்பளை, பட்டிப்பொல பக்கம் ஜனவரியில வந்தா கூரையும் தரையும். பத்து ரூவா செலவில்லாம ஆரம்பிக்கிறதுன்னா, அறைச் சூடு பாக்குற ஒரு சின்ன தெர்மாமீட்டர் யார்கிட்டயாவது வாங்கித் தரையில ஒரு ராத்திரி, கட்டில் உயரத்துல ஒரு ராத்திரி வச்சு விடியக்காலம் பாருங்க. தேங்காண்ணெய் போத்தல் உறைஞ்சு கிடக்குறத வச்சு கணக்குப் பாக்காதீங்க, அது 24 டிகிரி பக்கத்துலயே உறைஞ்சிரும், நம்ம ஊர்ல அது உருகுறதுதான் அதிசயம்.

தரையில கால் வைக்க முடியல

சீமெந்துத் தரை உள்ளங்காலுல இருக்குற சூட்ட உறிஞ்சிட்டே இருக்கும், அந்தக் காலத்து சாணி மொழுகுன தரைகூட இவ்வளவு இழுக்காது. மொதல்ல வீட்டுக்குள்ள போட மட்டும் ஒரு சோடி பாட்டா, சொக்ஸோட. பிறகு படுக்குற எடம். தரையில பாய் போட்டுப் படுக்குறவங்க கீழ காட்போட் பெட்டிய விரிச்சு, அதுக்கு மேல சாக்கு, அதுக்கு மேல பாய் போடுங்க, காலையில எல்லாத்தையும் தூக்கி நிறுத்திக் காத்தாட விடுங்க, இல்லனா அடியில பூஞ்சணம் புடிக்கும். நாலு செங்கல் மேல பலகை போட்டாவது தரையில இருந்து ஒரு சாண் தூக்கிருங்க, அந்த ஒரு சாண் பெரிய வித்தியாசம்.

தரை ஜில்லுன்னு மட்டும் இருக்கா, இல்ல ஈரமும் இருக்கான்னு தெரிஞ்சாகணும், ஏன்னா வேல அத வச்சுத்தான் மாறும். ஒரு அடி சதுர பொலிதீன் தாள தரையில விரிச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. தாளுக்கு அடியில தண்ணி முத்து முத்தா கோத்திருந்தா ஈரம் மண்ணுல இருந்து ஏறுது. மேல் பக்கம் நனைஞ்சு அடி காஞ்சிருந்தா வீட்டுக் காத்துல இருக்குற ஈரம் குளிர்ந்த தரையில படியுது, அதுக்கு அடுத்த தலைப்பப் பாருங்க. மண்ணுல இருந்து ஏறுறதுன்னா மேல டைல்ஸ் ஒட்டுறது காசு வீண், கொஞ்ச நாள்ல கழண்டு வரும், டைல்ஸ்காரர் ஒட்டித் தர்றேன்னு சொன்னாலும் பொறுங்க. வீட்டச் சுத்தி கான் (வடிகால்) ஓடுதான்னு பாத்து அதச் சரி பண்ணிட்டு, ஒரு மழைக் காலம் பாத்துட்டு, அப்பவும் ஏறுனா பழைய தரைக்கு மேல கனமான 1000 கேஜ் பொலிதீன ஒண்ணு மேல ஒண்ணு ஒரு அடி ஏறுற மாதிரி விரிச்சு, சுவர் ஓரம் மடிச்சுத் தூக்கி, மேல புதுசா சீமெந்து போடணும். அதுக்கு மேசன் வேணும், கதவு அடியும் அறுக்க வேண்டி வரும்.

மழையே இல்ல, ஆனா விடியக்காலம் தகரத்துல இருந்து சொட்டுது

ஓட்டை தேடிக் கூரையில ஏறுறதுக்கு முன்ன ஒரு நாள் பொறுங்க. மழை பெய்யும்போது சொட்டுதா, இல்ல தெளிஞ்ச ராத்திரிக்குப் பிறகு சொட்டுதா? தெளிஞ்ச ராத்திரியிலன்னா அது ஓட்டை இல்ல, சமைச்ச ஆவி, மூச்சுக் காத்து, உள்ள காயப்போட்ட உடுப்புல இருந்து வந்த ஈரம் எல்லாம் குளிர்ந்த தகரத்துல பட்டுத் தண்ணியாகி வடியுது. போர்வை நனையுது, நனைஞ்ச போர்வைக்குள்ள கால், வேற எங்க போய்க் காரணம் தேடுறது.

சட்டிக்கு மூடி போடுங்க. ஈர உடுப்ப படுக்குற காம்பராவுல காயப்போடாதீங்க, இஸ்தோப்புலயே (முன் திண்ணையில) கயிறு கட்டி பக்கத்துல தறப்பாள் மறைப்பு போடுங்க. புகை போற வழிய குளிருக்காக சாக்கு வச்சு அடைக்கிறத நான் நிறைய வீட்டுல பாக்குறேன், அத உடனே எடுத்துருங்க, ஆவியும் புகையும் உள்ளயே நின்னா கூரையும் நனையும் நெஞ்சும் கெடும். பகல்ல வெயில் வர்ற ரெண்டு மணி நேரமாவது கதவு ஜன்னல் ரெண்டையும் திறந்து விடுங்க, காஞ்ச காத்துதான் சாயங்காலம் சீக்கிரம் சூடாகும்.

அதுக்கும் அடங்கலன்னா சீலிங். முழு வீட்டுக்கும் முடியலன்னா படுக்குற காம்பராவுக்கு மட்டும், தகரத்துக்குக் கீழ இடைவெளி விட்டு, மரச் சட்டம் அடிச்சுப் பலகையோ சீலிங் சீட்டோ போடுங்க. ரெஜிபோம் மலிவுன்னு அடுப்புக்கு மேலயும் ஒட்டிராதீங்க, ஒரு தீப்பொறி போதும். அஸ்பெஸ்டஸ் சீட் கூரைன்னா நீங்களா அறுக்கவோ துளைபோடவோ தேய்க்கவோ வேணாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு, தெரிஞ்ச ஆளக் கூப்பிடுங்க. லயம் தோட்டத்துச் சொத்துன்னா கூரையில கை வைக்க முன்ன நிர்வாகத்துக்குக் கடுதாசி குடுத்து, ஒரு கொப்பிய நீங்க வச்சுக்கங்க, நனைஞ்ச போர்வையையும் புள்ளையோட காலையும் போட்டோ எடுத்துக் கூட வைங்க.

பின் சுவர் எப்பவும் ஈரம், கறுப்புப் பூஞ்சணம்

வீட்டுக்குப் பின்னால மலை வெட்டி வச்ச வீடுன்னா சுவர்ல மண்ணு சாஞ்சிருக்கும். கான அள்ளுங்க, கூரைத் தண்ணி சுவர் ஓரம் விழாம பீலி வைங்க, சாஞ்ச மண்ண சுவர விட்டு மெதுவா இழுத்து விடுங்க. கட்டிலயும் பெட்டியையும் அந்தச் சுவர விட்டு ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்க. பூஞ்சணத்துக்கு மேல பெயின்ட் அடிக்காதீங்க.

பக்க மேட்ட வெட்டி எடுக்குற வேலைய மட்டும் யாரும் உங்க யோசனையில செய்யாதீங்க. 2014 ஒக்டோபர்ல மீரியபெத்தையில லயத்து மேல மலை சரிஞ்சு வந்தத மறக்க முடியாது. மேட்டுல வெடிப்பு, மரம் சாயுறது, புதுசா கலங்கல் தண்ணி ஊறுறது, சுவர்லயும் தரையிலயும் திடீர் வெடிப்பு தெரிஞ்சா ஈரத்தப் பத்தின கவலைய விட்டுட்டு வீட்ட விட்டு வெளிய வாங்க, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட 117க்கு அடிச்சுச் சொல்லுங்க, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க வந்து பாத்துச் சொன்ன பிறகுதான் திரும்பப் போகணும்.

கரிச் சட்டி வச்சா தலை வலிக்குது, ஹீட்டர் போட்டா ட்ரிப் ஆகுது

கரிச் சட்டிய மூடுன காம்பராவுக்குள்ள ராத்திரி வைக்கவே கூடாது. புகை இல்லாத தணல்லதான் ஆபத்து கூட, கார்பன் மொனொக்சைடுக்கு நிறமும் இல்ல வாசமும் இல்ல, தூக்கத்துலயே ஆள் போயிரும். தலைவலி, வாந்தி, மயக்கம் ஒண்ணுக்கு மேல ஆளுக்கு ஒரே நேரத்துல வந்தா எல்லாரையும் வெளிய இழுத்துட்டு 1990க்கு அடிங்க.

ஹீட்டர் 2000 வோட்டுன்னா 230 வோல்ட்டுல 9 அம்பியர் பக்கம் இழுக்கும், பழைய 5 அம்பியர் உருண்டைப் பின் சொக்கட் அதத் தாங்காது, எக்ஸ்டென்ஷன் கோட்ல போடவும் கூடாது. பிளக் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தாலோ பிளாஸ்டிக் கருகுற வாசம் வந்தாலோ நிப்பாட்டுங்க. வேற எதுவும் போடாம ஹீட்டர் மட்டும் போட்டும் ட்ரிப் சுவிச் விழுந்தா ஹீட்டர்லயோ வயர்லயோ கசிவு, எலக்ட்ரீஷியன் பாக்கணும், சுவிச்ச கட்டி வைக்கிறதோ நேரா இணைக்கிறதோ உயிருக்கு ஆபத்து. அவர் வர்ற வரைக்கும் ஹொட் வோட்டர் பேக் போதும்: கொதிக்கிற தண்ணி ஊத்தாம, துணி சுத்தி, படுக்குறதுக்கு அரை மணி முன்ன போர்வைக்குள்ள வச்சு, படுக்கும்போது எடுத்துருங்க. வீங்குன விரல் மேல நேரா வைக்க வேணாம், சீனி வருத்தக்காரங்க கால் பக்கம் வைக்கவே வேணாம், அவங்களுக்குச் சுடுறது தெரியாது.